அடையாள அட்டையோடு இரண்டு பேர்

கல்யாணப் பதிவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், பதினெட்டு வயது கடந்திருக்க வேண்டும், அடையாள அட்டையோடு வர வேண்டும் என்று பதிவு அலுவலகத்துப் பெண் சொன்னபோது, இருப்பதிலேயே சுலபமான வேலை இதுதான் என்று நினைத்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜெர்மனியில், ஆஹெனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தோம். நான் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். நான் கட்டவிருந்தவர் ஓர் உணவகச் சமையலறையில்.

கடினமானவை எல்லாம் முடிந்திருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து நான் மணமாகாதவள் என்ற சான்றிதழ் கொழும்பு வழியாக நான்கு மாதம் பயணம் செய்து வந்தது. அதை மொழிபெயர்த்து, மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அனுமதியும் கிடைத்துவிட்டது. அனுமதி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் பதிவுக்கு ஒரே ஒரு டெர்மின்தான், குறித்துக் கொடுக்கும் நேரம்தான், மிஞ்சியிருந்தது: வியாழக்கிழமை காலை பத்து மணி. எங்கள் இருவரின் பெயர்களையும் தட்டச்சு செய்து, நகராட்சிக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம். யாரும் வரவில்லை.

அவர் பக்கச் சாட்சி, அவரோடு ஒரே வீட்டில் இருந்த, நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர். பேக்கரியில் வேலை, ஐம்பது வயதிருக்கும். என் பக்கத்துக்கு, அகதி முகாமில் என்னோடு இருந்த தோழி. அவளுடைய தஞ்ச வழக்கு முடியவில்லை. அப்படிப்பட்டவர்கள் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக எழுத்தில் அனுமதி பெற வேண்டும். அவள் கேட்டிருந்தாள். கையெழுத்துப் போட வேண்டியவர் விடுமுறையில் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மாலை தொலைபேசியில் அழுதாள்.

"அக்கா, நான் சும்மா வாறன். ரெயில்ல ஆர் பாக்கப்போகினம்?"

"வேண்டாம். பிடிச்சா உன்ர கேசுக்குத்தான் கூடாது. நீ வராதை."

சொல்லிவிட்டு, வேறு யாரைக் கேட்கலாம் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த ஊரில் தெரிந்த தமிழர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் எல்லாருக்கும் வேலை.

மறுநாள் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையைப் பிடித்திருந்தவர் எங்கள் பொறுப்பாளர். செஃபின், ஜெர்மன் மொழியில் மேலதிகாரியம்மா, என்றுதான் அவரைச் சொல்வோம். இரண்டு வருடங்களில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் விரிப்பின் மூலைகளைப் பற்றித்தான்.

"உங்கள் பெயரைப் பலகையில் பார்த்தேன். நாளைக்குத்தானே?" என்றார்.

ஆம் என்றேன். பிறகு, ஏனென்று தெரியவில்லை, ஒரு சாட்சி குறைகிறது என்றும் சொல்லிவிட்டேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"என்னிடம் அடையாள அட்டை இருக்கிறது. எத்தனை மணிக்கு?"

வியாழக்கிழமை செஃபின் எங்களுக்கு முன்பே வந்து, கடும் நீலக் கோட்டோடு வாசலில் நின்றார். அண்ணை திருமண வீட்டுக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாலும் முகம் வெளிறியிருந்தது. ஊரில் யாருக்கோ சாட்சி சொல்லப் போய் மூன்று வருடம் நீதிமன்ற வாசலில் நின்றவர் அவர். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

அலுவலர் எங்களுக்காக மெதுவாக வாசித்து, சம்மதமா என்று கேட்டார். என்னவர் "யா" என்றார், நானும் "யா" என்றேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாவும் அப்பாவும் இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர்களுக்கு இந்தத் தேதியே தெரியாது. நாங்கள் கையெழுத்துப் போட்டதும் பதிவேடு அண்ணையிடம் போனது. அவர் பேனாவை எடுத்தார், வைத்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேட்டுச் சொல்லு. இவன் நாளைக்கு உன்னை விட்டிட்டுப் போனா என்னைப் பிடிப்பினமோ?"

"அண்ணை, என்ன கதை இது?" என்றார் என் கணவர். ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் கணவரானவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வியை அப்படியே ஜெர்மன் மொழியில் அலுவலரிடம் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணையைப் பார்த்தே பதில் சொன்னார்.

"இல்லை. இவர்கள் இருவரும் என் முன்னால் சம்மதம் சொன்னார்கள், அதை நீங்கள் கேட்டீர்கள். அதற்கு மட்டும்தான் இந்தக் கையெழுத்து."

நான் தமிழில் சொன்னேன். அண்ணை பேனாவை மறுபடி எடுத்தார்.

"ஓம், கேட்டனான். ரெண்டு பேரும் வடிவாச் சொன்னவை."

பாஸ்போர்ட்டில் கையெழுத்திட்டிருந்தபடியே தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, பெயரை எழுதினார். என்ன கேட்டார் என்று செஃபின் என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"நல்ல கேள்வி. என் கல்யாணத்துச் சாட்சிகளும் அதைக் கேட்டிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மண்டபத்தில் தாலி கட்டினோம். ஐயர் முதலில் பதிவுத் தாளைத்தான் கேட்டார். அது இல்லாமல் சடங்கு செய்ய இங்கே அப்போது சட்டம் விடவில்லை. ஊருக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் மண்டபத்தில் எடுத்தவை. இரண்டொரு வருடத்தில் சட்டத்தை மாற்றினார்கள், சாட்சி கட்டாயமில்லை என்று. அதன் பிறகு தெரிந்த பிள்ளைகள் சிலர் தனியாகவே போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள்.

பதிவு முடிந்த அன்று செஃபின் தேநீருக்குக்கூட நிற்கவில்லை, வேலைக்குத் திரும்பிவிட்டார். திங்கட்கிழமை நான் போனபோது என் அலமாரிக் கதவில் பழைய பெயரை உரித்துவிட்டு, என் கணவரின் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். இரண்டு எழுத்து பிழை. நான் திருத்தவில்லை.