கூரையை எத்தனை அங்குலம் வெட்டுவது

பிள்ளைகளே, கராஜ் சுவரில் கம்பியில் கோத்துத் தொங்கும் நாலு இரும்புத் துண்டுகளும் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அவை எங்கள் காரிலிருந்து வெட்டி எடுத்தவை. வெட்டுவதற்கு முன் நான் செய்த ஒரு பெரிய பிழையை உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரங்களில் நடந்த கதை இது.

அந்தக் காரை ஒரு பண்ணையில் வாங்கினேன். இரண்டு கதவு, வளைந்த முதுகு, உள்ளே எஞ்சினும் இல்லை, இருக்கச் சீற்றும் இல்லை. கோழிகள்தான் அதில் குடியிருந்தன. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கராஜுக்குள் அதைத் தள்ளி ஏற்றியதும் வேறு எதற்கும் இடமில்லாமல் போய்விட்டது. உங்கள் அம்மா அங்கே வைத்திருந்த இரண்டு அரிசி மூட்டைகளையும் நான்தான் தூக்கிக் காருக்குள் வைத்தேன். இதை மறக்க வேண்டாம். நான் மறந்துவிட்டேன்.

ஹொட் ரொட் என்றால் பழைய காரை எடுத்து, கூரையைத் தாழ்த்தி, பலமான எஞ்சின் போட்டு, பாய்வதற்குப் பதுங்கி நிற்பதுபோல ஆக்குவது. கூரையைத் தாங்கி நிற்கும் நாலு தூண்களிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி எடுத்து, கூரையை இறக்கி, வெல்டிங் செய்து ஒட்ட வேண்டும். எஞ்சின் பிடிக்காவிட்டால் மாற்றலாம். கார்ச் சில்லு பிடிக்காவிட்டால் கழற்றலாம். கூரையை அளவுக்கு மேல் வெட்டிவிட்டால் அவ்வளவுதான். இந்தக் காருக்கு இன்னொரு கூரை எங்கும் வாங்க முடியாது.

அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"செய்யிறதைச் செய்யுங்கோ. ஆனா நான் ஏறினா நிமிந்துதான் இருப்பன். குனிஞ்சு கொண்டு கோயிலுக்குப் போக என்னாலை ஏலாது."

அதை அப்படியே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்றாலும், திட்டம் போட்டால் எழுதிப் போட வேண்டும் என்பது என் பழக்கம்.

நான் பஸ் ஓட்டுகிற டிப்போவில் வெல்டிங் செய்யும் அண்ணை ஒருவர் உதவிக்கு வந்தார். முதல் சனிக்கிழமை அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்த அரிசி மூட்டைகளைத் தட்டினார்.

"தம்பி, இதிலை ஏறி இரு. சீற்றும் இந்த உயரம்தான் வரும்."

மூட்டைகளின் மேல் பழைய பெட்சீற்றை விரித்து, ஏறி இருந்தேன். கால் நீட்ட வசதியாக இருந்தது. அண்ணை என் தலைக்கும் கூரைக்கும் நடுவில் அளவு நாடாவைப் பிடித்தார். ஐந்து அங்குலம். தலைக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டால், மூன்று வெட்டலாம். கொப்பியில் மூன்று என்று எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை, எதற்கும் இன்னொரு முறை பார்ப்போம் என்று மூட்டையில் ஏறி இருந்தேன். ஆறு அங்குலம்.

"போனமுறை நாடாவைச் சரிச்சுப் பிடிச்சிட்டன் போல," என்றார் அண்ணை.

அதற்கடுத்த சனிக்கிழமை ஏழு.

எனக்குத் தூக்கம் கெடவில்லை. ஆனால் பஸ் ஓட்டும்போதெல்லாம் அதே யோசனை. எப்படி ஒரு கார் உள்ளே வளரும்? துருப்பிடித்த தளம் என் பாரத்தில் கீழே போகிறதோ என்று படுத்துக் கிடந்து தடி வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. கூரை மேலே உப்புகிறதோ என்று தளத்திலிருந்து கூரை வரை அளந்தேன். முதல் நாள் கொப்பியில் குறித்த அளவேதான். கார் மாறவில்லை என்றால் மாறுவது நான். சமையலறைக் கதவு நிலையில் உங்கள் உயரங்களைப் பென்சிலால் குறித்திருக்கிறோமே, அதன் பக்கத்தில் நானும் நின்று அளந்தேன். நானும் குறையவில்லை.

அண்ணையிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நிக்கேக்கை சரி. இருக்கேக்கைதான் குறையிறாய். பஸ் சீற்றிலை இருந்து இருந்து உன்ரை முதுகு இறங்கிப்போச்சு."

"பகிடி விடாதேங்கோ அண்ணை."

"பகிடி இல்லையடா. ஆனா நல்லதுக்குத்தான் இறங்கியிருக்கு. இன்னும் நல்லாத் தாழ்த்தலாம்."

நாலாம் சனிக்கிழமை எட்டு அங்குலம் வந்தது. ஏன் என்று தெரியாமலே ஆசை பிடித்துவிட்டது. கொப்பியில் மூன்றைக் கோடு போட்டு வெட்டிவிட்டு ஆறு என்று எழுதினேன். ஆறு அங்குலம் தாழ்ந்த காரைக் கொப்பியில் வரைந்தும் பார்த்தேன். என்ன வடிவு. அண்ணை நாலு தூண்களிலும் நீல டேப் ஒட்டி வெட்டும் இடத்தைக் குறித்தார். வெட்டும் மெசினின் வயரை இழுத்துச் செருகினார். கண்ணாடியும் போட்டுக்கொண்டார்.

அப்போது அம்மா சட்டியும் சுண்டுமாக வந்தார். சுண்டு என்றது அரிசி அளக்கிற அந்தப் பழைய பால் ரின்தான். எங்களைப் பார்த்து, "கொஞ்சம் விலகுங்கோ," என்றார். அலுமாரியைத் திறப்பதுபோலக் காரின் மற்றக் கதவைத் திறந்தார். பெட்சீற்றைத் தூக்கி, மேல் மூட்டையின் பின் மூலையில் இருந்த உடுப்புக் கிளிப்பைக் கழற்றி, மூன்று சுண்டு அரிசி அள்ளிச் சட்டியில் போட்டார். கிளிப்பைத் திரும்பக் குத்தினார்.

அண்ணை மெல்ல மெசினைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, உந்த அரிசியை எப்ப இருந்து எடுக்கிறாய்?"

"இவர் அரிசி காருக்குள்ளை கிடக்கு எண்டு சொன்ன நாளிலை இருந்து. ஒவ்வொரு நாளும்தான். ஏன், நீங்கள் சனிக்கிழமையிலை இஞ்சை சாப்பிடேல்லையோ?"

போய் மேல் மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு விரல் தடிப்புக்குத்தான் அரிசி கிடந்தது. மூன்று வாரத்தில் நான் குறைந்ததாக நினைத்த மூன்று அங்குலத்தையும் நாங்கள் எல்லோரும் கறியோடு சாப்பிட்டு முடித்திருந்தோம்.

அம்மா நீல டேப்பைப் பார்த்தார். "எவ்வளவு வெட்டப் போறியள்?"

"ஆறு," என்றேன்.

"அப்ப நான் எப்பிடி இருக்கிறது?"

நாலு சனிக்கிழமையும் என் தலையை மட்டும்தான் அளந்திருந்தோம். முதல் பக்கத்தில் எழுதிய நிபந்தனை முதல் பக்கத்திலேயே கிடந்தது.

நான் சந்திக் கடைக்குப் போய்ப் புது மூட்டை ஒன்று தூக்கி வந்தேன். பழையதை எடுத்துவிட்டு அதை மேலே வைத்தோம். முதலில் நான் ஏறி இருந்தேன். ஐந்து அங்குலம், முதல் நாள்போலவே. பிறகு அம்மா ஏறி, கோயிலுக்குப் போகும்போது போடுவதுபோலக் கொண்டையும் போட்டு, நிமிர்ந்து இருந்தார்.

நாலு அங்குலம்தான் இருந்தது.

நின்றால் அம்மா என் காது வரைதான் வருவார். கொண்டையை அழுத்திப் பிடித்து இன்னொருமுறை அளக்கச் சொன்னேன். அப்போதும், இருந்தால் என்னைவிட உயரம்தான். இத்தனை வருடம் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டும் நான் இதைக் கவனித்ததில்லை. நீங்களும் இன்றிரவு சாப்பிடும்போது பாருங்கள்.

"அப்ப ரெண்டு இஞ்ச்தான்," என்றேன்.

அண்ணைக்கு மனமில்லை. "ரெண்டு இஞ்ச் வெட்டினா ஆருக்குத் தெரியும்? உதுக்கு வெட்டாமலே விடலாம்."

"என்ரை தலைக்குத் தெரியும் அண்ணை," என்றார் அம்மா. காரை விட்டு இறங்கவே இல்லை.

அண்ணை டேப் முழுவதையும் உரித்து, இரண்டு அங்குல இடைவெளியில் புதிதாக ஒட்டினார். கொப்பியில் ஆறை வெட்டிவிட்டு இரண்டு என்று எழுதி, அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாசித்துப் பார்த்துத் தலையாட்டியபின் இறங்கினார். பிறகுதான் மெசின் சத்தம் கேட்டது.

கூரையை இறக்கிக் கிளாம்ப் போட்டுப் பிடித்ததும், ஒட்டுவதற்கு முன் அம்மாவை இன்னொருமுறை இருத்தினோம். கொண்டைக்கும் கூரைக்கும் நடுவில் மூன்று விரலை நுழைத்துப் பார்த்து, "ஓம், ஒட்டுங்கோ," என்றார். அண்ணை தள்ளிப்போய் வாசலில் நின்று காரைப் பார்த்தார். "பரவாயில்லைத்தான்," என்றார் கடைசியில்.

எஞ்சினும் சீற்றும் இன்னும் வரவில்லை. சீற் செய்யும்வரை அளவு மாறக் கூடாது என்று, புது மூட்டையில் ஒரு கடதாசி ஒட்டினேன்: "இது அரிசி இல்லை. சீற். எடுக்க வேண்டாம்."

மாலை போய்ப் பார்த்தபோது அதன் கீழே அம்மா எழுதியிருந்தார்: "பழைய மூட்டை முடியுமட்டும்."

அந்தப் பழைய மூட்டையில் இன்னும் நாலைந்து நாளுக்குத்தான் அரிசி இருந்தது. நான் உடனே பலகையும் வாளும் எடுத்துச் சீற் செய்யத் தொடங்கினேன்.