சாக்பீஸ் கோடு இடிக்காது

அந்த அடுக்குமாடியில் அவளுக்குப் பெயர் சாக்பீஸ் அக்கா. இருபத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் வீடுகளுக்கு உள் அலங்காரப் படம் போட்டவள். ஒருமுறை அவள் வரைந்த சமையலறையில், சூடான பாத்திரத்தோடு திரும்பிய வீட்டுக்கார அம்மா அலமாரி முனையில் இடித்துக் கையைச் சுட்டுக்கொண்டாள். படத்தில் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. அன்றோடு அவளுக்குக் காகிதத்தின் மேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் எந்த அறையானாலும் முழு அளவில் தரையிலேயே சாக்பீஸால் கோடு போடுவாள். அங்கே புழங்கப்போகிறவர்களை ஒரு வாரம் நடமாட விடுவாள். பிறகுதான் முதல் ஆணி. இந்தப் பொறுமை கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு பொதுச் சலவையறை இருந்தது. வீட்டுக்கு வீடு மெஷின் வந்த பிறகு பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. எல்லோரும் கூடி உட்கார அதைக் கொடுங்கள் என்று குடியிருப்பவர்கள் கேட்டபோது, வீட்டு வசதி வாரியம் ஒரு கெடு வைத்தது. ஒரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு அதிகாரி வருவார். பன்னிரண்டு பேருக்கு நகராத இருக்கை இருக்க வேண்டும். இல்லையென்றால் அறை ஒரு கம்பெனிக்குக் கிடங்காகப் போய்விடும். ‘நகராத’ என்பதில் வாரியம் கறார். வேறொரு கட்டடத்தில் வீட்டு நாற்காலிகளை இறக்கிக் காட்டிவிட்டு, அதிகாரி தெருமுனை திரும்புவதற்குள் மேலே ஏற்றிவிட்டார்களாம். பலே ஆட்கள்!

மற்றவர்களுக்கு அது உட்கார்ந்து பேச ஓர் இடம். அவளுக்கோ அண்ணனை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவர அதைவிட்டால் வேறு வழியில்லை. அவர் பஸ் டிரைவராக இருந்தவர். விபத்தில் இரண்டு காலும் போன பிறகு, லிஃப்ட் இருந்தும் நாலு வருஷமாக மூன்றாவது மாடியைவிட்டு இறங்கவில்லை. “எங்க போய் என்ன பண்ணப்போறேன்?” என்பார். பெஞ்சு வரப்போகும் இடத்தைச் சலவையறைத் தரையில் அவள் வரைந்து காட்டிய சாக்பீஸ் ஒத்திகைக்குத்தான் முதல்முறையாகச் சக்கர நாற்காலியில் கீழே வந்தார். கோடுகளுக்கு நடுவே போய் ஒரு வட்டமடித்து வெளியே வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில், பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. வீட்டுக்கொரு பழைய கதவாக வாங்கி, தச்சர் இரண்டு வாரம் இழைத்த ‘ப’ வடிவ பெஞ்சு சுவரோடு போல்ட் போட்டுத் தயாராக இருந்தது. சரியாகப் பன்னிரண்டு பேர் அளவு, விரல்கடை மிச்சமில்லை. வாசலை ஒட்டிய கடைசிப் பலகை அவள் வீட்டுக் கதவு. அண்ணனின் வண்டி நுழையவில்லை என்று எப்போதோ கழற்றிப் போட்டது.

அண்ணன் உள்ளே போனார். திரும்பினார். டக்கென்று அந்தப் பலகையில் சக்கரம் முட்டியது. இன்னொரு பக்கம் ஒடித்துப் பார்த்தார். மறுபடியும் முட்டியது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒத்திகையில் சக்கரம் கோட்டின் மேல் ஏறித்தான் திரும்பியிருக்கிறது. சாக்பீஸ் கோடு யாரை இடித்தது? காகிதத்தை நம்பமாட்டேன் என்று வீறாப்புப் பேசியவள், தரையையே காகிதமாக்கி ஏமாந்திருக்கிறாள்.

தச்சர் பின்னாலிருந்து பிடித்து இழுத்து அவரை வெளியே எடுத்தார்.

“ரிவர்ஸ்ல வர்றது நமக்குப் பழக்கந்தானே!” என்று அண்ணன் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டே தங்கையிடம் சொன்னார்: “நான் மேல போறேன். அதிகாரி வந்து பாத்துட்டுப் போகட்டும். நான் இல்லாட்டி எந்தக் குறையும் தெரியாது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? யார் யார் என்ன பேசினாங்கன்னு நீ வந்து சொல்லு. கேட்டுக்குறேன்.”

இன்றைக்கு ஏறினால் இந்த மனிதர் இனி இறங்கமாட்டார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பெஞ்சின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள்.

“இதோட அறுத்துடுங்க.”

“விளையாடுறீங்களாக்கா?” தச்சருக்குக் குரல் ஏறிவிட்டது. “ஒரு ஆள் இடம் போயிடும். பதினோரு பேர் இடத்துக்கு அந்த அதிகாரி கையெழுத்துப் போடமாட்டாரு. அவர் போகட்டும், அப்புறமா அறுத்துக்கலாம்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் அண்ணனின் விரல் லிஃப்ட் பொத்தானுக்குப் போய்விட்டது.

“அப்புறம் அப்புறம்னுதான் நாலு வருஷம் ஓடிடுச்சு. அறுங்க.”

தச்சர் அசையவில்லை. அவளே ரம்பத்தை எடுத்தாள். ஆயுசுக்கும் கோடு போட்ட கை. ரம்பம் சொன்ன பேச்சுக் கேட்குமா? வழுக்கியது, கடித்தது, பாதியில் சிக்கிக்கொண்டது. தச்சருக்குப் பொறுக்கவில்லை.

“மரத்தைக் கொல்லாதீங்கக்கா, இங்க குடுங்க!”

பலகை தரையில் விழுந்தது. அறுத்த முனைக்குக் கால் கொடுத்துக் கடைசித் திருகாணியை முடுக்கும்போது மணி பத்து நாற்பது. மரத்தூள் இன்னும் அடங்கவில்லை. வாசலில் அதிகாரி நின்றிருந்தார். இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்.

குடியிருப்பவர்கள் அவசரமாக உட்கார்ந்தார்கள். அதிகாரி பேனா முனையால் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

“ஒண்ணு குறையுதேம்மா.”

“அறுத்துட்டேன் சார். என் அண்ணனால உள்ள திரும்ப முடியல.”

“அதெல்லாம் சரிம்மா. ஃபார்ம்ல பன்னெண்டுன்னு இருக்கே. நான் என்ன பண்ணட்டும்?”

பேனா ‘இல்லை’ என்ற கட்டத்துக்குப் போனது. பதினோரு பேரும் அவளையே பார்த்தார்கள். அவர்களுடைய அறையையும் சேர்த்துத்தானே அறுத்துப் போட்டிருக்கிறாள்!

பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. லிஃப்ட் எப்போதோ வந்து, திறந்து, காலியாகவே மூடியிருந்தது; அண்ணன் ஏறவே இல்லை. மரத்தூளின் மேல் உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார், முழு வட்டமடித்தார், எங்கேயும் முட்டாமல் அறுத்த இடத்தில் பின்பக்கமாக வந்து நின்றார்.

“இப்ப எண்ணுங்க சார்.”

“நகர்ற நாற்காலி கணக்குல வராதுங்களே.”

அண்ணன் குனிந்து இரண்டு பக்கப் பிடியையும் இழுத்தார். கடக், கடக்.

“பிரேக் போட்டாச்சு சார். இனிமே நான் நகர்றதா இல்ல.”

அதிகாரி அவரையும், பெஞ்சின் முனையில் பாதி அழியாமல் நின்ற சாக்பீஸ் கோட்டையும் பார்த்தார். பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார், இந்த முறை அண்ணனிலிருந்து.