கூவிய தக்காளி

எண்பதுகளில் பெங்களூரில் நான் செய்த ஆராய்ச்சி, கணினி நிரலை ஓடவிடும் முன்பே பிழை பிடிப்பது பற்றியது. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் கிளம்பும் முன்பே தடுத்துவிட வேண்டும். தடுத்துவிட்டால் ஓடும்போது சோதனையே வேண்டாம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

ஊருக்கு வந்து திரும்பும்போது நான் ஏறும், பாலக்கோட்டிலிருந்து ஓசூர் போகும் பேருந்தின் நடத்துநரும் என் கட்சிதான். ஏறும்போதே கூடையில் என்ன என்று கேட்பார். தக்காளி ஏறலாம், கோழி கூடாது. ஆனால் சொன்னதை அப்படியே நம்பிவிடுவார். அந்த ஓட்டையைச் சோதிக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்கா வீட்டுக்கு வாங்கிய சேவலைக் கூடையில் துணி போட்டு மூடி, "தக்காளிங்க" என்றேன்.

ராயக்கோட்டை தாண்டியதும் அது கூவியது.

"என்னங்க, தக்காளி கூவுதுங்களே?" என்றார் நடத்துநர்.

"ஏறும்போதே சரின்னு உட்டது நீங்கதானுங்களே."

பேருந்தே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த முறை அசல் தக்காளிதான் கொண்டுபோனேன். வண்டி ஓடும்போது என் கூடைக்குள் மட்டும் கையை விட்டுத் துழாவினார். நன்றாகப் பழுத்த இரண்டை எடுத்து, ஒன்றை ஓட்டுநரிடம் நீட்டிவிட்டு மற்றதைக் கடித்தார்.

"தக்காளியேதானுங்க."

ஓடும்போது சோதித்தால் செலவு அதிகம் என்றும் என் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சோதனைக்கு இரண்டு பழம்.