கேப்சூல் தூளில் ஆறிய புண்

போன வாரம் தம்பியின் முழங்காலில் காயம் பட்டது. நீ கேப்சூலைப் பிரித்துத் தூளைத் தூவப் போனாய். நான் கத்திக்கொண்டே அதைத் தட்டிவிட்டேன். பெரியவளே, நீ பயந்துபோனாய். ஏன் என்று கேட்டாய். வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும்.

அப்போது நான் பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். முள் குத்தினாலும் அரிவாள் பட்டாலும் தோட்டத்தில் யாரும் கிளினிக் போக மாட்டோம். கடையில் ஆண்டிபயாடிக் கேப்சூல் வாங்கித் தூளைக் கொட்டுவோம். காயம் காய்ந்துவிடும்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், வெளியூர் ஓட்டம் போன இடத்தில் உங்கள் அம்மாவுக்குத் துரோகம் செய்தேன். அதற்கு வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது. சில வாரத்தில் மறைவான இடத்தில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. கூட லோரி ஓட்டிய அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

"என்னடா, லைசன்ஸ புடுங்கிட்ட மாதிரி மூஞ்சிய வச்சிருக்க? தூளப் போடுலா! எனக்கும் வந்துச்சு, காஞ்சிருச்சு" என்று சிரித்தார்.

போட்டேன். ஆறியது. மறந்தும் போனேன்.

பிறகு நீ உண்டானாய். அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் இருவரையும் கிளினிக்குக் கூப்பிட்டார்கள். தாதி மிஸ்ஸி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அக்கா ரத்தத்துல சிபிலிஸ் இருக்கு. உடலுறவுல ஒட்டுற நோய். அண்ணே, உங்களுக்குப் புண்ணு ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு மிஸ்ஸி. தூள் போட்டேன், ஆறிருச்சே?"

"போடாட்டியும் தானா ஆறியிருக்கும்ணே. புண்ணுதான் போச்சு, கிருமி ரத்தத்துல இருக்கு. விட்டா வயித்துல இருக்க புள்ளைக்கும் போயிரும். புள்ள செத்துக்கூடப் பொறக்கலாம்."

அம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எச்ஐவியும் பாக்கணும். அந்த மாதிரி புண்ணு இருந்தா எச்ஐவி சுலபமா உள்ள பூந்துரும். நம்ம பக்கம் அது நெறைய இருக்குண்ணே."

எங்கள் லயத்து வீடுகளிலேயே மெலிந்து மெலிந்து செத்துப்போன இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். காசநோய் என்றுதான் எல்லாரும் சொன்னோம். எங்கள் இருவர் விரலிலும் ஊசி குத்தினார்கள். முடிவு வரும்வரை நான் உட்காரவில்லை. எங்கள் இருவருக்கும் எச்ஐவி இல்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். சிபிலிஸுக்கு இருவருக்கும் வாரம் ஒன்றாக மூன்று வாரம் ஊசி.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

தூள் போடச் சொன்ன அந்த அண்ணனை நானே கிளினிக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. அவர் இன்றும் தினமும் எச்ஐவி மாத்திரை போடுகிறார், லோரியும் ஓட்டுகிறார்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்ததிலும் எங்களுக்கு எச்ஐவி இல்லை. நீ பிறந்ததும் உனக்கும் ரத்தம் எடுத்தார்கள், பிறகும் சில தடவை எடுத்தார்கள். கடைசித் தடவை மிஸ்ஸி, "புள்ள சுத்தமா இருக்குண்ணே" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா உன்னை என் கையில் கொடுத்தாள். அதுவரை நான் உன்னைத் தூக்கியதே இல்லை.