நாற்பத்தேழாம் எண் வெல்டர்

காலை ஆறரைக்குத் திருச்சி பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஓட்டியவர் சாதிக். என் தம்பியோடு ஐ.டி.ஐ. படித்தவர்; துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஷெட் ஒன்றில் பன்னிரண்டு வருடம் வெல்டராக இருந்தவர். சிவகாசி அச்சகத்தில் பிழை திருத்தும் எனக்கு, எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ளவர்களின் பிழைப்பை விசாரிக்காவிட்டால் தலை வெடித்துவிடும்.

"வேலை பிடிச்சிருந்ததா தம்பி?" என்றேன், காவிரிப் பாலத்தில்.

"பிடிக்குது, பிடிக்கலைங்கறதெல்லாம் ஃபேனுக்குக் கீழ உக்கார்றவங்க பேச்சுண்ணே. போன வெள்ளிக்கிழமை விட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று அவருக்குச் சவூதியில், தம்மாம் வேலைக்கான தேர்வு. பதினெட்டுப் பேருக்கு ஆறு இடம். ஷெட்டில் அவர் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. இதில் தவறினால் இரண்டும் இல்லை.

ஏழு மணிக்கு ஸ்ரீரங்கம். ராஜகோபுரத்துக்கு வெளியே காபி இருபது ரூபாய், துளசி மாலை நாற்பது. மாலை கட்டிய அம்மாளிடமும் கேட்டேன். "பெருமாளுக்குப் போகுதுன்னு சந்தோஷம்தாங்க. மத்தியானம் இடுப்பு ஒடியறப்ப அவரா வந்து அமுக்கி விடறாரு?" என்றார், கை நிற்காமல். தரிசன வரிசையில் நின்ற ஒன்றரை மணி நேரமும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சாதிக் காபிக் கடையிலேயே காத்திருந்தார்.

பதினொரு மணிக்கு அரியமங்கலம் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் தேர்வு. ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள், சாதிக்குக்கு ஒன்பது. சாய்வாக நிறுத்திய ஆறங்குலக் குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்தும் அண்ணாந்தும் சுற்றிவந்து பற்றவைக்க வேண்டும். முடிந்ததும் பக்கத்தில் தன் எண்ணைச் சுத்தியலால் பதிக்க வேண்டும். பிறகு பட்டைகளாக அறுத்து வளைப்பார்கள். விரிசல் விட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மூன்று மணிக்குத் தேர்வாளர் தேறியவர்களின் எண்களை வாசித்தார். ஐந்து எண்கள். ஒன்பது இல்லை. சாதிக் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது யாருது? பதினெட்டுப் பேர்ல நாப்பத்தேழு எங்கேர்ந்து வந்துச்சு?"

சாதிக் எழுந்தார். "நான்தான் சார். பழைய ஷெட்டுல என் நம்பர். கை தானா அடிச்சிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஷெட்டில் ஒவ்வொரு இணைப்பின் ஓரத்திலும் வெல்டர் தன் எண்ணைப் பதிப்பாராம். எத்தனை வருடம் கழித்துக் கசிந்தாலும் யார் கை என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

"இருக்கறதுலேயே இதுதாங்க நல்ல ஜாயிண்ட்டு. ஆனா உங்களுதுன்னு நான் எப்படி எழுதறது?" என்றார் தேர்வாளர். யோசித்துவிட்டு வேறொரு குழாயைக் காட்டினார். "முக்கால் மணி நேரம் தரேன். நம்பரப் பாத்து அடிங்க."

சாதிக் முகமூடியை இறக்கினார். நாற்பது நிமிடத்தில் முடித்து, இம்முறை கையில் எழுதிக்கொண்ட ஒன்பதைப் பார்த்துப் பார்த்துப் பதித்தார். பட்டை வளைந்தது, விரிசல் இல்லை. ஆறாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மணிக்கு என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். என் தொழிலில் பிழை தெரிந்தால் மட்டும்தான் என்னைத் தேடுவார்கள். சரியாக இருக்கும் பக்கத்தில் நான் இருந்ததற்கு அடையாளமே கிடையாது. இணைப்புக்கு இணைப்பு தன் எண்ணைப் பதித்துவிட்டு வந்த அவர் மீது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அதைச் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்டுண்ணே" என்றார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "அந்த ஷெட்டு எனக்குப் பிடிக்காதுன்னு நெனச்சுத்தான் வேலையை விட்டேன்."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். சாதிக் கம்பியை விடாமல் நாலைந்து அடி கூடவே நடந்து வந்தார்.