பத்து துப்பாக்கியும் ஒரு கண்ணும்

கோவில்பட்டியில ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வச்சிருக்கேன். ஊரு விளாத்திகுளம் பக்கம், கரிசக்காடு. காலையில பைக்குல வருதேன், பொழுதடைய வீட்டுக்குப் போயிருதேன். சாப்பாடு அண்ணன் வீட்டுல. மதினி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு ஈடு கிடையாது. இன்னைக்கும் அங்கனதான் சாப்பிடுதேன், அதுல எனக்குப் பெரிய சந்தோசம். நடுவுல அது இல்லாமப் போகப் பாத்துச்சு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, கோயில் கொடைக்குப் போர்டு அடிக்க எங்க ஊரு மேலத்தெருக்காரனுவ வந்தானுவ. “அண்ணாச்சி, போட்டோவுல எங்க பத்துப் பேரு கையிலயும் துப்பாக்கி இருக்கணும்.” அதுல பாதிப்பேரு பன்னியை விரட்ட வெடி போடவே பயப்படுதவனுவ! கம்ப்யூட்டர்ல தேடிப் பத்து துப்பாக்கி எடுத்து ஒட்டிக் குடுத்தேன். மறுநாளே கீழத்தெருக்காரனுவ வந்து, அதைவிடப் பெருசா கேட்டானுவ. அதையும் செஞ்சேன். சிரிச்சுக்கிட்டே செஞ்சேன், இப்பச் சொல்ல வெக்கமா இருக்கு. உள்ளூர் விவகாரமாச்சேன்னு ஓரத்துல என் கடைப் பேரை மட்டும் போடலை.

ரெண்டு போர்டும் பஸ் ஸ்டாப்புல எதிரெதிரா நின்னுச்சு. போர்டுல ஏந்தின துப்பாக்கி மண்டைக்குள்ள ஏறிட்டு போல, நடையே மாறிப்போச்சு பயலுவளுக்கு. மூணாம் நாள் ஒரு போர்டைக் கிழிச்சுட்டானுவ. கல்லு பறந்துச்சு. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போற வேனுக்காக அங்க நின்ன எங்க மதினிக்கு இடது கண்ணு போச்சு.

போலீஸ் வந்து கேட்டதுக்கு ரெண்டு தெருவும் ஒரே வாயாச் சொல்லிச்சு, “நாங்க பாக்கலை.”

நானும் வாயைத் திறக்கலை. மதினி ஒத்தைக் கண்ணோட சோறு போட்டாவ, நான் குனிஞ்ச தலை நிமிராமத் தின்னேன்.

பொறவு எலக்சன் வந்துச்சு. ரெண்டு தெருத் தலைவருங்களும் ஒரே கூட்டணி ஆயிட்டாவ. சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டாவ. “நடந்தது நடந்து போச்சு, இனி எல்லாரும் ஒண்ணா இருப்போம்” அப்படின்னு ஒரே பேச்சு. ரெண்டு பேரும் கை கோர்த்த மாதிரி ஒரு போர்டு அடிக்கணும்னு என்கிட்டயே சொன்னாவ.

மதினி எந்திரிச்சாவ. “ஒண்ணா இருக்கது நல்லதுதான் அண்ணாச்சி. யாரு கூட ஒண்ணா இருக்கேன்னு எனக்குத் தெரியணும்லா? கல்லெறிஞ்சது யாரு?”

“பழசைக் கிண்டாதம்மா” அப்படின்னாரு ஒரு தலைவரு.

எனக்கு எங்கிருந்துதான் கோவம் வந்துச்சோ. “பழசா? அவியளுக்கு இன்னைக்கும் கண்ணு தெரியலைய்யா!”ன்னு கத்திட்டேன். கத்தின பொறவுதான் எனக்கே உறைச்சுது, கத்த எனக்கு என்ன யோக்கியதை? “ரெண்டு போர்டுலயும் துப்பாக்கியை ஒட்டுனது நான்தான் மதினி.”

அவிய என்னைப் பாத்தாவ. “ஏலே, இத்தனை மாசமா என் கையாலதான தின்ன?”

அப்பக் கடைசி வரிசையில ஒருத்தன் எந்திரிச்சான். மேலத்தெருக்காரன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். “கல்லு நான் எறிஞ்சதுதான், அக்கா.”

“ஸ்டேசன்ல வந்து சொல்லுதியா?”ன்னு கேட்டாவ மதினி.

“வாரேன்.”

மூணு பேரும் ஒரே ஆட்டோவுல போனோம். அவன் மேல கேஸ் நடக்குது, வாய்தாவுக்குத் தவறாமப் போறான். எனக்கு ஒரு மாசம் சோறு கிடையாது. பொறவு ஒருநாள் மதினி தட்டை எடுத்து வச்சாவ. அன்னைக்குத் தின்ன மாதிரி நான் என்னைக்கும் தின்னதில்லை.

இப்போ துப்பாக்கி, அருவான்னு எவன் வந்து கேட்டாலும் வாசலோட அனுப்பிருதேன். வேலை குறைஞ்சுட்டு. நிம்மதியாத் தூங்குதேன்.

போன மாசம் தலைவருங்க அந்த ஒத்துமைப் போர்டை மறுபடி கேட்டாவ. மதினிகிட்ட யோசனை கேட்டேன். “இப்ப அடி. நடுவுல என் போட்டோ இருக்கணும்” அப்படின்னாவ. கடைக்கே வந்து பக்கத்துல உக்காந்துட்டாவ. நான் தொழில் பழக்கத்துல, கம்ப்யூட்டர்ல அவிய வலது கண்ணைக் காப்பி எடுத்து இடது பக்கம் ஒட்டப் போனேன்.

படக்குன்னு என் கையைத் தட்டிவிட்டாவ.

“அதைத் தொடாதலே. ஊரு பாக்கட்டும்.”