தொடாமல் பார்த்த கால்

கம்பவுண்டர் சிவப்பிரகாசம் காலைப் பார்த்தே வியாதி சொல்லிவிடுவார் என்று பாகூர் பக்கத்து ஊர்களெல்லாம் நம்பின. பதினெட்டு வருஷமாக அதே மருந்துச்சாலை. பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருஷமாகியும் அவர் நாற்காலி அசையவில்லை. கால்வலி என்று வந்தவர்களை வாசற்படியிலேயே நிறுத்தி, உள்ளங்காலைத் தூக்கிக் காட்டச் சொல்வார். "வாதம்" என்பார். தைலம் கொடுப்பார். நிலக்காரர் கால் என்றால் மட்டும் பெஞ்சில் உட்காரவைத்து அமுக்கிப் பார்ப்பார். மற்றவர் காலைத் தொட அவருக்கு மனசு வராது. அவ்வளவுதான் அந்தக் கெட்டிக்காரத்தனம்.

மீன்காரி காசம்மாள் மூன்று முறை வந்தாள். கடற்கரையிலிருந்து கூடையோடு நடந்தே விற்பவள். கால் போனால் பிழைப்பு போச்சு. "கெண்டைக்கால் இழுக்குதுங்க. குதிகாலை ஊன முடியல." மூன்று முறையும் வாசற்படி, தைலம். நாலாவது முறை அவள் நொண்டிக்கொண்டு வந்தபோது, புதிதாக வந்திருந்த டாக்டர் தையலம்மாள் அவளை உள்ளே கூப்பிட்டார்.

டாக்டர் முதலில் நாலு அடி நடக்கச் சொன்னார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் குதிகாலை அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் காசம்மாள் அலறிவிட்டாள். மரத்துப்போக ஊசி போட்டுக் கீறியதும், சீழோடு ஒரு ஈச்சமுள் வெளியே வந்தது.

"முள்ளுக்குப் பயந்து நுனிக்கால்லயே நடந்திருக்கா. அதான் கெண்டைக்கால் வலி. இன்னும் விட்டிருந்தா காலையே வெட்டியெடுக்க வேண்டியிருக்கும்" என்ற டாக்டர், கம்பவுண்டரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அமுக்கிப் பாக்கலையா?"

காசம்மாள்தான் முந்திக்கொண்டாள். "பாத்தாருங்கம்மா. நல்லா அமுக்கித்தான் பாத்தாரு. அப்ப எனக்கு நோவல."

பதினெட்டு வருஷத்துப் பெயர் தப்பித்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நான் தொடவேயில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், தைலப் புட்டிகளை அடுக்கப் போய்விட்டார். பொய் சொல்லிக் காப்பாற்றியவள் முகத்தைப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கட்டு மாற்றுவது அவர் வேலை. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். காசம்மாளோ கிணற்றடியில் உட்கார்ந்து, கட்டு நனையாமல் பார்த்துக்கொண்டு, முழங்கால்வரை சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நொண்டி நொண்டி வந்து காலை நீட்டினாள்.

"கவிச்சி போயிடிச்சிங்க. இப்ப நீங்க தொடலாம்."

சிவப்பிரகாசம் அந்தக் காலை மடியில் வாங்கிக்கொண்டார். கட்டை அவிழ்க்க அவருக்குக் கண் தெரியவில்லை.